மலை தந்த செங்கனி

உடும்பஞ்சோலை வட்டத்து ஏலத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் நம்மவருக்குக் காட்டுக்கனிகள் புதியவை அல்ல. ஆயினும், கடையில் விலைகொடுத்து வாங்கும் பழமே சத்துடையது என்னும் எண்ணம் இன்று நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. அதனால் மறக்கப்பட்டுவரும் செல்வங்களுள் ஒன்று மூட்டிப்பழம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கே உரியது இம்மரம். தாவர நூலார் இதனைப் 'பக்காரியா கோர்ட்டல்லென்சிஸ்' என்பர். அப்பெயரில் நம் குற்றாலம் விளங்குவது மகிழ்ச்சிக்குரியது. மலாயாவில் வாழ்ந்தோர் அறிந்த ரம்பைப் பழம் இதன் நெருங்கிய உறவு. நெல்லியும் இதே குடும்பத்தது.

வேர்ப்பலாவைப் போல் இம்மரமும் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். மூட்டில் காய்ப்பதனால் மூட்டிப்பழம் ஆயிற்று. ஆண்டின் முதல் மாதங்களில் செந்நிறப் பூச்சரங்கள் அடிமரத்தைப் போர்த்தும். தென்மேற்குப் பருவமழையில் கனிகள் பழுக்கும். தோல் தடித்துச் சிவந்திருக்கும். உள்ளே விதைகளைப் பற்றிய மெல்லிய சதை, புளிப்பும் இனிப்பும் கலந்த சுவையுடையது.

இதில் வைட்டமின் 'சி' உண்டு. அது சூட்டில் அழிவதாகையால், சதையைப் பச்சையாக உண்பதே நன்று. தோலின் செந்நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் பொருளும் உடலுக்கு நலம் பயப்பதாகக் கருதப்படுகிறது. புளிப்பு மிகுந்த தோலை ஊறுகாய் இடலாம்.

தாய்மார்கள் இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். ஏலச்செடிகளுக்கு மருந்து தெளித்த இடத்தில் விளைந்த கனியைக் குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாது. மேலே கழுவிவிடுவதால் மட்டும் நஞ்சு முற்றும் நீங்கிவிடாது. மேலும், இன்ன பழம் என்று அறிந்த பெரியவர் காட்டித் தராத எக்காட்டுப் பழத்தையும் பிள்ளைகள் உண்ணலாகாது.

ஆகவே, வீட்டருகில் மருந்து படாத நிழலில் மரம் வளர்ப்பதே தக்க வழி. இதில் ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி. விதையிலிருந்து எழுந்த கன்று எதுவென்பது பூக்கும்வரை தெரியாது. காய்த்த பெண்மரத்தின் கொம்பைக் கொண்டு ஒட்டுக்கட்டினால் அவ்வையம் இல்லை. அருகில் ஓர் ஆண்மரமும் இருத்தல் வேண்டும்.

இம்மரத்தை அடையாளம் காட்டவல்ல முதியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளுக்கு அவ்வறிவைப் பெற்றுத் தருவது பெற்றோர் கடனாகும்.