தாழ்த்து சுருள்வில்

தாழ்த்து சுருள்வில் என்பது மகிழுந்தின் உடற்பகுதியைத் தரைக்கு நெருக்கமாக நிறுத்தும் பொருட்டு, ஆலையில் பொருத்தப்பட்ட சுருள்வில்லுக்கு மாற்றாக இடப்படும் குட்டையான சுருள்வில் ஆகும். பெரும்பாலும் இது மூல வில்லைவிட விறைப்பு மிக்கதாக இருக்கும். பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் லோயரிங் ஸ்பிரிங் என்றே இது வழங்குகிறது. சிறு மகிழுந்துகளில் வில்லை மட்டும் மாற்றிவிட்டு, ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வேற்பியை அப்படியே விட்டுவிடுவது செலவு குறைந்த வழியாகும். அவ்வாறு செய்யும்போது எத்தனை மில்லிமீட்டர் தாழ்த்தலாம் என்பதை, மாற்றாமல் விட்ட அந்த அதிர்வேற்பியே பெரிதும் வரையறுக்கிறது.

வில்லும் அதிர்வேற்பியும்

இராபர்ட் ஊக் 1678 இல் வெளியிட்ட நூலில் விளக்கிய விதிப்படி, வில்லின் சுருக்கம் அதன் மீது செயற்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வில்லை ஒரு மில்லிமீட்டர் சுருக்கத் தேவையான விசை அதன் மாறிலி எனப்படும். இம்மாறிலி கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், சுருளின் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கும் செயற்படும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதத்திலும் அமைகிறது. எனவே கம்பியின் தடிமனில் சிறு மாற்றம் செய்தாலும் விறைப்பு வெகுவாக மாறும்.

வண்டியின் எடையைத் தாங்குவதும் மேடு பள்ளங்களின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வதும் வில்லே ஆகும். அதிர்வேற்பி, வில் சேமித்த ஆற்றலை எண்ணெயின் வழியே வெப்பமாக மாற்றி, வண்டி தொடர்ந்து குதிப்பதை அடக்குகிறது. அதிர்வேற்பி என்னும் பெயர் இவ்வகையில் சற்றுத் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது.

லாரி வில்லும் மகிழுந்து வில்லும்

நாமக்கல் லாரிக் கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அதனை அடுத்துள்ள சங்ககிரியும் லாரித் தொழில் மிகுந்த ஊர். எனவே இவ்வட்டாரத்தில் வில் என்றாலே லாரியின் பட்டை வில்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். லாரி பாரம் தாங்கவில்லை எனில் ஒரு பட்டையைக் கூட்டுவதும், விறைப்பு மிகுதி எனில் ஒன்றைக் கழற்றுவதும் பட்டறைகளின் பழக்கமான வேலை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் அசையும்போது ஒன்றோடொன்று உராய்கின்றன. அவ்வுராய்வே அலைவை ஓரளவு அடக்கிவிடுகிறது. பட்டையைக் கூட்டினால் விறைப்புடன் உராய்வும் கூடுகிறது.

சுருள்வில்லில் இத்தகைய உராய்வு ஏறத்தாழ இல்லை. மகிழுந்தின் விறைப்பைக் கூட்டும்போது அலைவை அடக்கும் திறன் தானாகக் கூடுவதில்லை. முழுப் பொறுப்பும் அதிர்வேற்பியின் மேல் விழுகிறது. லாரியில் பயன்தரும் கைப்பழக்கத்தை அப்படியே மகிழுந்துக்குக் கொண்டுவர முடியாமைக்கு இதுவே காரணம்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோகிராம் எடை தங்கியிருப்பதாகவும், சக்கரத்தில் உணரப்படும் வில்லின் மாறிலி மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் எனவும் கொள்வோம். வண்டி நிற்கும்போது வில் ஏறத்தாழ 122 மிமீ சுருங்கியிருக்கும். அந்நிலையிலிருந்து முட்டு ரப்பரைத் தொடும்வரை மேல்நோக்கி 80 மிமீ, அதிர்வேற்பி முழுவதும் நீளும்வரை கீழ்நோக்கி 80 மிமீ ஓட்டம் உள்ளது எனவும் கொள்வோம்.

ரப்பரைத் தொடுமுன் மூல வில் வாங்கிக்கொள்ளும் ஆற்றல், மாறிலியையும் ஓட்டத்தின் இருமடியையும் பெருக்கியதில் பாதி, அதாவது 64 ஜூல் ஆகும். வண்டியை 30 மிமீ தாழ்த்தினால் மேல்நோக்கிய ஓட்டம் 50 மிமீ ஆகக் குறைகிறது. வில்லை 25 விழுக்காடு விறைப்பாக்கி மாறிலியை 25 ஆக்கினாலும் கிடைப்பது 31 ஜூல் மட்டுமே, பாதிகூட இல்லை. பழைய அளவை எட்ட வேண்டுமானால் மாறிலி 51 ஆக வேண்டும். அத்தகைய வில்லை மூல அதிர்வேற்பியால் அடக்க இயலாது. அதே 25 மாறிலி கொண்ட வில்லால் 15 மிமீ மட்டும் தாழ்த்தினால் 65 மிமீ ஓட்டமும் சுமார் 53 ஜூலும், அதாவது மூல அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், எஞ்சுகின்றன.

கீழ்நோக்கிய ஓட்டத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மாறிலி 25 எனில் நிற்கும் நிலையில் வில்லின் சுருக்கம் 98 மிமீ. 30 மிமீ தாழ்த்திய வண்டியில் சக்கரம் 110 மிமீ கீழே தொங்கக்கூடும். அப்போது வில் தன் முழு நீளத்தை அடைந்த பின்னும் 12 மிமீ இடைவெளி இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதோ வண்டியைச் சாக்கி வைத்துத் தூக்கும்போதோ வில் தன் இருக்கையை விட்டு விலகலாம். 15 மிமீ தாழ்த்தினால் சக்கரம் தொங்குவது 95 மிமீ. வில் 3 மிமீ அழுத்தத்துடன் பிடிபட்டே இருக்கும். நன்கு வடிவமைத்த தாழ்த்து வில்களில் ஒரு முனையில் நெருக்கமாகச் சுற்றிய மென்மையான சுற்றுகள் இருப்பது இவ்விடைவெளியை நிரப்புவதற்கே.

அலைவை அடக்கும் திறன்

நிறை மாறாமல் வில்லின் மாறிலி 25 விழுக்காடு கூடினால், இயல் அதிர்வெண் நொடிக்கு 1.42 இலிருந்து 1.59 ஆக உயரும். அதே அதிர்வேற்பியின் தடையுறு விகிதம் சுமார் 11 விழுக்காடு குறையும். புதிய அதிர்வேற்பிக்கு இது தாங்கக்கூடிய குறைவே. ஆனால் நெடுந்தூரம் ஓடித் தேய்ந்த அதிர்வேற்பி ஏற்கெனவே தன் திறனில் ஒரு பகுதியை இழந்திருக்கும். எண்ணெய் கசிந்த தடம் காணப்பட்டால், வில்லை மாற்றுமுன் அதிர்வேற்பியை மாற்றுவதே முறை.

சேலம், நாமக்கல் சாலைகளில்

இச்சமவெளியின் நடுவே நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலை 44 செல்கிறது. 2010 ஆம் ஆண்டு எண் மாற்றத்திற்கு முன் அது நெடுஞ்சாலை 7 ஆக இருந்தது. அச்சாலையில் தாழ்த்திய வண்டிக்குப் பெரிய இடர் இல்லை. நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பும் இடத்தில்தான் வேகத்தடைகள் தொடங்குகின்றன.

இந்தியச் சாலைகள் பேரவை 1988 இல் வெளியிட்ட நெறிமுறை, வளைந்த வேகத்தடைக்கு 17 மீட்டர் ஆரமும், 3.7 மீட்டர் அகலமும், 10 செமீ உயரமும் வகுத்தது. 2005 இல் இந்தியாவில் அறிமுகமான மாருதி சுவிஃப்ட் மகிழுந்தின் முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2390 மிமீ, தரை இடைவெளி 170 மிமீ. நெறிமுறைப்படி அமைந்த தடையைக் கடக்கையில் இவ்விடைவெளியில் 42 மிமீ மட்டுமே செலவாகும். ஊர்ச் சாலைகளில் உள்ள பல தடைகள் இவ்வளவு அகலம் உடையவை அல்ல. குறுகிய தடை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே முழுவதுமாக அடங்கிவிடுவதால், அதன் முழு உயரமும் வண்டியின் அடிவயிற்றுக்கு வந்து சேரும். 15 செமீ உயரமுள்ள குறுகிய தடையில், 30 மிமீ தாழ்த்திய சுவிஃப்ட் ஆளில்லாமல் சென்றாலும் தட்டும்.

ஆள் ஏறினால் நிலைமை இன்னும் இறுகும். பின்னிருக்கையில் மூவரும் பின்பெட்டியில் சாமான்களுமாக ஒவ்வொரு பின்சக்கரத்தின் மேலும் 100 கிலோகிராம் கூடினால், மேற்கண்ட புதிய வில் மேலும் 39 மிமீ சுருங்கும். 30 மிமீ தாழ்த்திய வண்டியில் முட்டு ரப்பருக்கு 11 மிமீ மட்டுமே எஞ்சும். குடும்பத்துடன் செல்லும் வண்டிக்கு வில் தெரிவு செய்வோர், ஓட்டுநர் மட்டும் அமர்ந்த நிலையைக் கொண்டு உயரத்தை முடிவு செய்வது பிழையாகும்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டுச் சாலையும், எழுபது கொண்ட கொல்லிமலைச் சாலையும் அருகில் இருப்பதால், வளைவில் வண்டி சாயாமல் இருக்க வேண்டும் என்னும் விருப்பமும் தாழ்த்துவதற்கு ஒரு காரணமாகும். தரையிலிருந்து 540 மிமீ உயரத்தில் புவியீர்ப்பு மையம் உள்ள வண்டியை 15 மிமீ தாழ்த்தினால், வளைவில் பக்கவாட்டில் இடம்பெயரும் எடை 3 விழுக்காட்டுக்கும் குறைவாகவே குறையும். சாய்வு குறைவதற்குப் பெரும்பங்கு வில்லின் விறைப்பே காரணம்.

வில்லை வெட்டுதல்

புதிய வில் வாங்காமல், இருக்கும் வில்லில் ஒரு சுற்றை வெட்டி எடுப்பதும் உண்டு. ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் மாறிலி 20 விழுக்காடு கூடுவது உண்மையே. எனினும் வெட்டிய முனை இருக்கையில் சரியாக அமராது. முழு நீளமும் குறைவதால் வில் விலகும் இடர் மிகும். எரிவாயுச் சுடரால் சூடாக்கி வில்லை அமுக்குவது இதனினும் கேடானது. வெப்பத்தால் எஃகு தன் பதனை இழந்து மென்மையாகி, நாளடைவில் தொய்ந்துவிடும் அல்லது முறிந்துவிடும்.

பொருத்திய பின்

உயரம் மாறியதும் முன்சக்கரங்களின் சாய்வும் நேர்மையும் மாறுவதால், சக்கர ஒழுங்கமைப்பு செய்யாவிடில் டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும். முகப்பு விளக்கின் ஒளிக்கோணத்தையும் சரிபார்க்க வேண்டும். சில மகிழுந்துகளில் பின்னச்சுடன் இணைந்த பாரமுணர் தடுப்பு வால்வு உள்ளது. பின்புறம் தாழ்ந்தால் பாரம் ஏறியதாகக் கொண்டு, பின்சக்கரங்களுக்கு மிகுதியான தடுப்பழுத்தத்தை அது அனுப்பும். ஈரச் சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழல இதுவே போதும். எனவே அவ்வால்வின் இணைப்புக் கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றினின்றும் வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் கேரள வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் இப்பிரிவைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நிறைவேறிய திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது சிக்கலாகலாம். கழற்றிய மூல வில்களைத் துருப்பிடிக்காமல் எடுத்து வைத்திருப்போர், வண்டியை விற்கும்போது எளிதாகப் பழைய நிலைக்கு மாற்றிக்கொள்கின்றனர்.