இயங்க மறுக்கும் மண்ணெண்ணெய் நீரிறைப்பு இயந்திரம்: கமக்காரர் தாமே செய்யத்தக்க பரிசோதனைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தோட்டப் பயிர்ச்செய்கை முழுவதும் கிணற்று நீரையே நம்பியுள்ளது. முன்னாளில் துலா மிதித்தும் பட்டை பிடித்தும் இறைத்த நீரை, 1950களிலும் 1960களிலும் பரவத் தொடங்கிய மண்ணெண்ணெய் இயந்திரங்கள் இறைக்கலாயின. மின்சார மோட்டார்கள் பெருகிய இந்நாளிலும், மின்கம்பி எட்டாத தோட்டங்களில் இவ்வியந்திரங்களே உழைத்து வருகின்றன. அவற்றுட் பல, தந்தை காலத்தில் வாங்கப்பட்டு மகன் கைக்கு வந்தவையாகும்.

சோளகக் காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களிலே வெங்காயப் பாத்திக்கு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை நீர் வேண்டும். பூக்கும் பருவத்து மிளகாய்க்கு நீர் தவறினால் பூவும் பிஞ்சும் உதிரும். அத்தகைய நாளொன்றில் இயந்திரம் இயங்க மறுக்குமாயின், திருத்துபவரைத் தேடிச் செல்வதற்குள்ளேயே நட்டம் நேர்ந்துவிடும். ஆனால் இயங்காத இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பெரும் பழுது எதுவும் இருப்பதில்லை. ஒரு பிளக் ஸ்பனர், ஒரு திருகாணி முடுக்கி, சுத்தமான துணி, ஒரு கண்ணாடிப் போத்தல் ஆகிய இவை இருந்தால் கமக்காரர் தாமே குறையைக் கண்டறியலாம்.

இயந்திரம் இயங்க மூன்று வேண்டும்

உருளைக்குள் எரிபொருளும் காற்றும் தக்க அளவிற் சேர வேண்டும். அக்கலவை நன்கு அமுக்கப்பட வேண்டும். தக்க தருணத்தில் வலிய தீப்பொறி விழ வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் இயந்திரம் இயங்காது. ஆகவே கண்டபடி கழற்றிப் பூட்டாது, இலகுவானதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவருதலே முறையாகும்.

முதலிற் பார்க்க வேண்டியவை

நிறுத்தும் சுவிச்சு இயங்கும் நிலையில் உள்ளதா? தாங்கியில் பெற்றோல் உண்டா? எரிபொருட் திருகு பெற்றோற் பக்கம் திரும்பியுள்ளதா? ஒயில் போதிய அளவில் உள்ளதா? பிற்கால இயந்திரங்கள் சிலவற்றில், ஒயில் குறைந்தாற் தீப்பொறியைத் தானே நிறுத்தும் அமைப்பு உண்டு. அத்தகைய இயந்திரத்தில் எத்தனை முறை கயிறிழுத்தும் பயனில்லை.

கயிறு சற்றும் அசையாதிருந்தால் பலங்கொண்டு இழுத்தல் ஆகாது. பல மாதம் ஓய்ந்திருந்த பம்பியினுள்ளே துருவேறி, நீர் தள்ளும் சில்லு இறுகியிருக்கலாம். அல்லது சிறு கல் அகப்பட்டிருக்கலாம். பம்பியின் மூடியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். சில்லு தடையின்றி இருந்தும் கயிறு அசையாவிடின் பழுது இயந்திரத்தினுள் உள்ளது. அதனைத் திருத்துபவரிடம் ஒப்படைக்குக.

மிகப் பொதுவான காரணம்

மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை. ஆதலால் குளிர்ந்த இயந்திரம் பெற்றோலிலேயே தொடங்க வேண்டும். சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரத்தை நிறுத்திவிட்டால், காபுரேற்றரின் அடிக்கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாட் காலை திருகைப் பெற்றோலுக்குத் திருப்பினும், முதலில் உருளைக்குட் செல்வது அக்கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெயே.

வலிகாமத்திலே ஒரு கமக்காரர் விடியற்காலை தொடக்கம் கயிறிழுத்துக் கை கொப்புளித்து, புதிய பிளக் வாங்கிப் பூட்டியும் பயன் காணாதிருந்தார். கிண்ணத்தின் அடித்திருகாணியைத் தளர்த்தியபோது வடிந்தது முழுவதும் மண்ணெண்ணெயே. அதனை வடித்து, பெற்றோல் வந்து நிரம்பவிட்டு, நனைந்த பிளக்கைத் துடைத்துப் பூட்டியதும் இரண்டாம் இழுப்பிலேயே இயந்திரம் இயங்கிற்று. ஆகவே வேறெதனையும் தொடுமுன் இக்கிண்ணத்தை வடித்துப் பார்க்குக.

எரிபொருள் வருகின்றதா?

வடித்த எரிபொருளைக் கண்ணாடிப் போத்தலிற் பிடித்துச் சிறிது நேரம் அசையாது வைக்குக. நீர் கலந்திருந்தால் அது அடியிலே தனியாகத் தங்கும். நீர் காணப்படின் தாங்கியையும் முழுவதும் வடித்துச் சுத்தஞ் செய்தல் வேண்டும். பல மாதங்கள் தாங்கியிற் கிடந்த பெற்றோலும் வீரியம் குறைந்து பிசினாகும். அதனை நீக்கிப் புதியது இடுக.

வடிதிருகாணியைத் தளர்த்தியும் எரிபொருள் தொடர்ந்து வராவிடின், தாங்கியின் மூடியைத் திறந்து பார்க்குக. திறந்ததும் வருமாயின் மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளது. சில நிமிடம் ஓடியபின் தானே நின்றுவிடும் இயந்திரத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அதன் பின்னும் வராவிடின் திருகின் கீழுள்ள வடிகட்டி வலையைக் கழற்றிக் கழுவுக.

எரிபொருள் கிண்ணம்வரை வந்தும் பிளக் உலர்ந்தே இருந்தால் காபுரேற்றரின் ஜெற் அடைபட்டிருக்கும். அதனைக் கழற்றிப் பெற்றோலிற் கழுவி ஊதிவிடுதல் போதும். உருக்குக் கம்பி கொண்டு குத்துதல் கூடாது. துவாரம் சிறிது பெருத்தாலும் எரிபொருள் மிகையாகச் சென்று இயந்திரம் புகையும்.

பிளக் கூறும் செய்தி

கயிற்றைப் பல முறை இழுத்த பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் குறை எங்குள்ளது என்பது பெரும்பாலும் புலப்படும்.

உலர்ந்திருந்தால்: எரிபொருள் வரவில்லை.

நனைந்திருந்தால்: எரிபொருள் மிகையாயிற்று, அல்லது தீப்பொறி இல்லை. திருகை மூடி, சோக்கை முழுவதும் திறந்து, பிளக் இல்லாமலே ஐந்தாறு முறை கயிறிழுத்து உருளையை உலரவிடுக.

கரி படிந்திருந்தால்: காற்று வடிகட்டி அடைபட்டுள்ளது, அல்லது இயந்திரம் சூடாகுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகின்றது.

தீப்பொறியைப் பரிசோதிக்குமுன், சிந்திய எரிபொருளைத் துடைத்து, ஆவி கலையும்வரை பொறுத்திருத்தல் அவசியம். பின் பிளக்கை அதன் தொப்பியிற் பொருத்தி, அதன் உலோக உடலை இயந்திரத்தின் வெற்று உலோகத்தில் முட்டவைத்து, பிளக் துவாரத்திலிருந்து விலக்கிப் பிடித்து, கயிற்றை இழுக்குக. றப்பர்த் தொப்பியை மாத்திரமே கையாற் பிடிக்க வேண்டும். வலிய நீலப்பொறி தோன்றினாற் குறையில்லை. பொறி மங்கலாயின் பிளக்கைச் சுத்தஞ் செய்து முனைகளின் இடைவெளியைச் சரிபார்க்குக. சிறிய இயந்திரங்கள் பலவற்றுக்கு அது ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றராகும், கைந்நூலிற் கூறிய அளவே இறுதியானது.

புதிய பிளக்கிலும் பொறி இல்லாவிடின், நிறுத்தும் சுவிச்சின் கம்பி உரிந்து உலோகத்திற் படுகின்றதா என்று பார்க்குக. பழைய இயந்திரங்களிலே, கயிறிழுக்கும் பக்கத்துப் பாரச்சில்லின் உள்ளே தொடுமுனைகள் உண்டு. மாரிகாலம் முழுவதும் ஓய்ந்திருந்தால் அவற்றிற் களிம்பேறும். மிக நுண்ணிய மண்கடதாசியால் தேய்த்துத் துடைத்தாற் பொறி மீளும். ஆயினும் அச்சில்லைக் கழற்றத் தனிக்கருவி தேவை. சுத்தியலால் அடித்துக் கழற்ற முயன்று சில்லை உடைத்துவிட வேண்டாம்.

அமுக்கம் போதுமா?

கயிற்றை மெதுவாக இழுக்கும்போது ஒரு கட்டத்திலே நல்ல எதிர்ப்புத் தோன்ற வேண்டும். எதிர்ப்பின்றித் தளர்வாக வருமாயின், பிளக் துவாரத்தின் வழியே ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, பிளக்கைப் பூட்டி மீண்டும் இழுக்குக. எதிர்ப்புக் கூடினால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துள்ளன. கூடாவிடின் வால்வோ தலையின் கஸ்கெற்றோ பழுதுற்றிருக்கும். இவை திருத்துபவரின் வேலை. எனினும் குறை யாதென்பதை நீங்கள் அறிந்து செல்வதாற் தேவையற்ற செலவு தவிரும்.

இக்குறை வாராமற் காத்தல்

தொடங்கிய பின் ஏறக்குறைய ஐந்து நிமிடம் பெற்றோலில் ஓடவிடுக. நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பாகத் திருகைப் பெற்றோலுக்கு மாற்றுக. எரியாத மண்ணெண்ணெய் உருளையிலிருந்து வழிந்து ஒயிலுடன் கலக்கும். ஒயிலின் மட்டம் தானே உயர்ந்தாலும், அதில் மண்ணெண்ணெய் மணந்தாலும் உடனே மாற்றுதல் வேண்டும். போகம் முடிந்து இயந்திரத்தை வைக்கும்போது தாங்கியையும் கிண்ணத்தையும் வடித்து, பம்பியின் நீரையும் வெளியேற்றுக. 2022 ஆகஸ்ற் மாதத்திலே மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததைக் கண்ட நமக்கு, செம்மையாக இயங்கும் இயந்திரத்தின் அருமையை எடுத்துக் கூற வேண்டியதில்லை.

உயிர் காக்கும் எச்சரிக்கை

கோடையில் நீர்மட்டம் தாழ்ந்ததும் சிலர் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குகின்றனர். இஃது ஒருபோதும் செய்யத்தகாதது. இயந்திரப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றோட்டமற்ற கிணற்றில் அது தேங்கி, இறங்கியவரைச் சில நிமிடத்திலேயே மயக்கிக் கொல்லும். அவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே மாளுவர். இயந்திரம் நின்றபின்னும் அவ்வாயு கிணற்றில் தங்கியிருக்கும். எவரேனும் உள்ளே மயங்கிக் கிடப்பின், தாம் இறங்காது, மேலிருந்தே கயிற்றால் தூக்க முயல்வதோடு உடனே உதவிக்கு ஆட்களை அழைத்தல் வேண்டும்.

தரையில் வைத்த பம்பி ஏறத்தாழ 7 மீற்றர், அதாவது 23 அடி ஆழத்திலிருந்தே நீரை நன்கு உறிஞ்சும். அதனிலும் தாழ்ந்த நீருக்கு, நீருள் அமிழ்ந்து இயங்கும் மின்பம்பி போன்ற வேறு சாதனமே தக்கது. சூடான இயந்திரத்துக்கு எரிபொருள் ஊற்றுவதும், தொடக்கும் கயிற்றைக் கையிற் சுற்றிக்கொண்டு இழுப்பதும் ஆபத்தானவை.

ஒரு நாளைய நீர் தவறினாற் பாத்தியொன்று வாடலாம். மறு போகத்தில் அதனை ஈடுசெய்யலாம். கிணற்றில் இழந்த உயிரை எப்போகத்திலும் ஈடுசெய்ய இயலாது. இங்கு கூறிய முறைகளைப் பின்பற்றியும் இயந்திரம் இயங்காவிடின், கண்ட குறிகளைக் குறித்துக்கொண்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ அனுபவமிக்க திருத்துபவரையோ நாடுக.