குண்டூர்ப் பூங்காவில் உறங்கியவர்கள்

ஏழ்மையே குற்றமாக எண்ணப்படும் அவலத்தைத் திரையில் காட்டியவர்களுள் துருக்கி தேசத்து யில்மாஸ் குனேயை மறப்பதற்கில்லை. 1970-இல் அவர் இயக்கி, தாமே நாயகனாகவும் நடித்த 'உமுத்' படத்தில், அதானா நகரத்துக் குதிரைவண்டிக்காரன் ஒருவனுடைய குதிரையைக் கார் ஒன்று மோதிக் கொன்றுவிட, நியாயம் வேண்டி நிற்பவனை விட்டுக் கார்க்காரர் பக்கமே போலீஸ் சாய்கிறது. அதை அந்நாட்டுத் தணிக்கையாளர் தடை செய்ததில் வியப்பில்லை.

நம்மிடையே அதற்கு நிகராக நான் கருதுவது வெற்றிமாறனின் 'விசாரணை'. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், 1980-களில் குண்டூர்ப் போலீசாரிடம் தாம் பட்ட சித்திரவதையை 'லாக்கப்' என்னும் நாவலாக எழுதினார். அதுவே படத்தின் மூலம். 2015-இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, மறு ஆண்டு இங்கே வெளியாகி, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் அது பெற்றது.

பிழைப்புத் தேடி ஆந்திரத்துக்குப் போய், வாடகைக்கு வழியின்றிப் பூங்காவில் படுத்துறங்கும் தமிழ் இளைஞர் சிலர், பெரிய இடத்துத் திருட்டு ஒன்றுக்கு யாரையேனும் கணக்குக் காட்டியாக வேண்டிய போலீசாரிடம் அகப்படுகிறார்கள். அவர்களைத் தேடி எவரும் வரமாட்டார் என்பதே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம். தெலுங்கு பேசும் நீதிமன்றத்தில், வேறு அலுவலாக வந்திருந்த தமிழ் இன்ஸ்பெக்டர் முத்துவேல் அவர்கள் வாக்கை எடுத்துரைக்க, விடுதலை கிட்டுகிறது. அந்த நன்றிக்கடனே பின்னர் அவர்களைச் சென்னையில் வேறொரு காவல் நிலையத்துக்குள் சிக்கவைக்கிறது.

மறைமலை நகர், மகிந்திரா சிட்டி, ஒரகடம் ஆகிய இடங்களின் ஆலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, சிங்கப்பெருமாள் கோயில் சுற்றுவட்டாரத்தில் ஓர் அறைக்குப் பலராகக் குடியிருக்கும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இப்படம் நினைவுக்கு வருகிறது. குண்டூரில் பாஷை தெரியாது விழித்தவர் நம்மவர். இங்கே விழிப்பவர் அவர்கள். 'வடக்கத்திப் பையன்களுக்கு வீடு இல்லை' என்று சொல்லும் நம்மில் பலர், படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்களாகவும் இருக்கக்கூடும்.

பிற்பகுதியில் அரசியல்வாதிகளின் கள்ளக் கணக்குகளை அறிந்த ஆடிட்டர் ஒருவர் காவலில் இறக்கிறார். செல்வாக்கு அவரையும் காக்கவில்லை. எனினும் வர்க்க பேதம் மரணத்திலும் நீங்கவில்லை. அவருடைய சாவைத் தற்கொலையாகக் காட்டுவதற்கு அதிகாரிகள் கூடி ஆலோசித்துப் பெரும்பாடு படுகிறார்கள். நடந்ததை அறிந்துவிட்ட அந்த இளைஞர்களைத் தீர்த்துக்கட்டவோ அத்தனை பிரயாசை தேவைப்படவில்லை. சமுத்திரக்கனிக்குத் தேசிய விருது ஈட்டித்தந்த முத்துவேல் பாத்திரம், இது அநியாயம் என்று நன்றாகத் தெரிந்தும், மேலிடத்து ஆணையை மீற வகையறியாது அவ்விடத்தில் நிற்கிறது.