5 ரூபாய் காசுக்கு 5 லட்சமா? பேராசை காட்டி பணம் பறிக்கும் பலே ஆசாமிகள்!

"வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் இருக்கா? நீங்களும் லட்சாதிபதி ஆகலாம்!"

இப்படி ஒரு விளம்பரம் செல்போனில் வந்து விழுகிறது. பார்த்தவர் சும்மா இருப்பாரா? சட்டைப் பையைத் துழாவுகிறார். வீட்டு உண்டியலைக் கொட்டிப் பார்க்கிறார். 2012-ம் ஆண்டு வெளியான அந்தக் காசு கிடைத்தும் விடுகிறது. படம் எடுத்து அனுப்புகிறார். அங்கேதான் வினை!

உடனே போன் வருகிறது. "சார், உங்க காசுக்கு பார்ட்டி ரெடி. 5 லட்சத்துக்கு பேசி முடிச்சாச்சு. பதிவுக் கட்டணம் மட்டும் முதல்ல அனுப்புங்க."

அனுப்பினால் அடுத்தது "வரி". அதற்கடுத்து "கமிஷன்". அதற்கும் மேலே "ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்". முத்திரை போட்ட கடிதம் கூட வரும். இவர் பணம் தீர்ந்து கையை விரித்ததும் அந்தப் போன் "சுவிட்ச் ஆப்". பார்ட்டியும் இல்லை, லட்சமும் இல்லை. மிச்சம் அதே 5 ரூபாய்தான்!

ரிசர்வ் வங்கி எச்சரிக்கை

இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு 4-ந்தேதி எச்சரிக்கை வெளியிட்டது. "பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் நாங்கள் ஈடுபடுவதில்லை. அதற்காகக் கட்டணமோ, கமிஷனோ கேட்பதில்லை. வசூல் செய்ய யாருக்கும் அதிகாரம் தரவும் இல்லை" என்பதுதான் அதன் சாராம்சம்.

இதில் ஒரே கணக்குத்தான். காசு வாங்குகிறவன்தான் பணம் தரவேண்டும். விற்க வந்தவரிடமே பணம் கேட்டால், அவன் வியாபாரி அல்ல, திருடன்!

அசல் மதிப்பு என்ன?

சரி, தலைவர்கள் படம் போட்ட காசுக்கு விலையே இல்லையா?

இந்தியாவில் இந்த வழக்கம் 1964-ல் நேரு நாணயத்தோடு ஆரம்பித்தது. பிறகு காந்தி நூற்றாண்டு (1969), இந்திரா காந்தி (1985) என்று வரிசையாக வந்தன. நம்மூர் ஆட்களுக்கும் குறைவில்லை. தஞ்சையில் 1995-ல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்கு திருவள்ளுவர், 2003-ல் காமராஜர், 2009-ல் அண்ணா. அண்ணா காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது.

ஆனால் இவை ஏராளமாக அச்சடித்துப் புழக்கத்தில் விடப்பட்டவை. கைக்குக் கை மாறித் தேய்ந்த காசை நாணய வியாபாரியிடம் நீட்டினால், "இதை பஸ்சுல கொடுத்து டிக்கெட் வாங்குங்க" என்பார். 5 ரூபாய்க் காசு, 5 ரூபாய்தான்!

விலை கிடைப்பது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, புழங்காத புதுக்கருக்கு. இரண்டாவது, அடித்த இடம். வருடத்துக்குக் கீழே பாருங்கள். வைரக்கட்டம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா. எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே படம் போட்ட காசு ஒரு சாலையில் அதிகமாகவும், இன்னொன்றில் குறைவாகவும் அடிக்கப்பட்டிருக்கும். குறைவாக வந்ததைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் 1969-ம் வருட காந்தி 10 ரூபாய் இருந்தால் கதை வேறு. 15 கிராம் எடையுள்ள அந்தக் காசில் 80 சதவீதம் வெள்ளி. அதாவது 12 கிராம். வெள்ளி விலையைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்!

புளி வேண்டாம்!

பழைய காசு கிடைத்ததும் புளி போட்டு பளபளவென்று தேய்ப்பவர்கள் உண்டு. அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். தேய்த்த காசை விவரம் தெரிந்தவர்கள் தொடமாட்டார்கள். இருந்த விலையும் போய்விடும்.

இன்னொன்று: விளம்பரத்தில் போட்டிருப்பது விற்கிறவர் ஆசைப்படும் விலை. அந்த விலைக்குக் காசு விற்றது என்று அர்த்தம் இல்லை. கடைக்காரர் விற்கும் விலை 100 ரூபாய் என்றால், உங்களிடம் வாங்கும்போது அதைவிடக் குறைத்துத்தான் கேட்பார். இரண்டு மூன்று கடையில் நேரில் காட்டி விசாரிப்பதுதான் நல்லது.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

ஒருபக்கம் 5 ரூபாய்க்கு லட்சம் என்கிறார்கள். மறுபக்கம், "இது வேற மாதிரி இருக்கே, செல்லாது" என்று 10 ரூபாய்க் காசைத் திருப்பித் தருகிறார்கள்! இரண்டும் தப்பு. விசேஷங்களுக்காக வெவ்வேறு படத்தோடு வருவதால்தான் இந்தக் குழப்பம். அதுவரை வந்திருந்த 14 வகை 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்திவிட்டது. தாராளமாக வாங்கிப் போடலாம்.

ஏற்கனவே பணம் அனுப்பி ஏமாந்தவர்கள், வெளியே சொன்னால் வெட்கம் என்று மூடி மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு அந்த ஆசாமி கைக்குப் போகும் முன்பே பணத்தை முடக்க வழி உண்டு!