பெரிய ஸ்க்ரீனா... கைக்கு எட்டுமா பாஸ்?

‘பெரிய டேப்லெட் வாங்கணும்டா, எது நல்லது?’னு யாராச்சும் கேட்டா நம்ம பசங்க என்ன செய்வோம்? பிராசஸர், ரேம், கேமரானு மூச்சு விடாம அள்ளி விடுவோம். நானும் அதைத்தான் செஞ்சேன்.

கேட்டது என் கிளாஸ்மேட். தசைச் சிதைவு நோயால வீல்சேர்ல வர்றவன். விரல்கள் நல்லா வேலை செய்யும்... கையைத் தூக்கத்தான் முடியாது. டேப்லெட் இருந்தா, பக்கம் புரட்டக்கூட அடுத்தவங்களைக் கூப்பிட வேண்டாமேனு அவனுக்கு ஆசை. பணம், அவங்க அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. கடையில இருந்ததிலேயே பெரிய ஸ்க்ரீனைக் கைகாட்டினது அடியேன்!

முதல் நாளே மாட்டிக்கிட்டேன். மேல் மூலையில இருக்கிற பட்டனுக்கு அவன் விரல் எட்டலை. “மச்சான், இதை எனக்கு வாங்கினியா... உனக்கு வாங்கினியா?”னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

அந்தத் தப்பை நீங்க செய்யாம இருக்கத்தான் இந்தக் கட்டுரை. மாடலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. சிரமம் பிடிக்கிறதிலயா, எட்டுறதிலயா, நடுக்கத்திலயா?

பிடிக்கிறதில சிரமமா?

ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக்கோங்க. 2022-ல வந்த 10-ம் தலைமுறை ஐபேட் 477 கிராம். 2023-ல வந்த 14.6 இன்ச் கேலக்ஸி டேப் எஸ்9 அல்ட்ரா 732 கிராம். எடை என்னவோ ஒன்றரை மடங்குதான். ஆனா, ஓரத்தைப் பிடிச்சுப் படுக்கைவாட்டில தூக்கினா, முதலாவதுல எடை மையம் கையிலிருந்து சுமார் 12 செ.மீ. தள்ளி இருக்கும். ரெண்டாவதுல 16 செ.மீ. பெருக்கிப் பாருங்க... மணிக்கட்டுல விழுற டார்க் ரெண்டு மடங்கு!

பெரிசுன்னாலே கனம்னும் இல்லை. 2015-ல வந்த 12.9 இன்ச் ஐபேட் ப்ரோ 713 கிராம். 2024-ல வந்த 13 இன்ச் ப்ரோ 579 கிராம்தான். எதை வாங்கினாலும் கையில பிடிக்கிற ஐடியாவையே விட்டுடுங்க. டேபிள்லயோ, வீல்சேர் குழாயிலயோ இறுக்கி மாட்டுற ஸ்டாண்டுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க. அந்த எடையை அது தாங்குமானு பார்க்கணும்.

எட்டுறதில சிரமமா?

இங்கே பெரிய ஸ்க்ரீன்தான் வில்லன். 10, 11 இன்ச் போதும். பெரிசுதான் வேணும்னா மவுஸ் மாட்டுங்க. ஆண்ட்ராய்டுல மாட்டலாம், ஐபேட்லயும் 2019-லேர்ந்து வசதி இருக்கு. ஐபேட்ல ‘அசிஸ்டிவ் டச்’சை ஆன் பண்ணினா ஒரு மிதக்கும் பட்டன் வரும். அதை விரலுக்குப் பக்கத்துல இழுத்து வெச்சுக்கலாம். விரலே அசையாதா? 2024-ல வந்த ஐபேட் ஓஎஸ் 18-ல முன் கேமராவை வெச்சு கண் அசைவாலயே இயக்கலாம். எல்லா மாடல்லயும் வராது, கேட்டு வாங்குங்க.

கை நடுங்குதா?

இப்போ பெரிய ஸ்க்ரீன்தான் ஹீரோ. ஐகானும் எழுத்தும் பெரிசானா தப்பான இடத்துல விரல் படுறது குறையும். எவ்வளவு நேரம் தொட்டா அதைத் தொடுதலா எடுத்துக்கணும், அடுத்தடுத்துப் படுறதை எப்படித் தள்ளணும்னு செட்டிங்ஸ்லயே சொல்லலாம். ஐபேட்ல ‘டச் அக்காமடேஷன்ஸ்’, சாம்சங்ல ‘டேப் டியூரேஷன்’னு தேடுங்க.

கடைக்கு யூஸ் பண்ணப் போறவங்களையே கூட்டிட்டுப் போங்க. அவங்க சேர்ல உட்கார்ந்தபடியே அரைமணி நேரம் டைப் பண்ணட்டும். வலிச்சா, அந்த மாடல் வேண்டாம். திருப்பி எடுத்துப்பாங்களானு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

என் ஃப்ரெண்ட் கதை? கைக்குப் பக்கத்துல ஒரு மவுஸ், முகத்துக்கு நேரா ஒரு ஸ்டாண்டு. சமாளிச்சுட்டோம். இப்போ அவனே பக்கம் புரட்டுறான். இந்த செமஸ்டர்ல கிளாஸுக்கே நோட்ஸ் அனுப்புறது அவன்தான். கெஞ்சி வாங்கிப் படிக்கிறது நான்!

உங்க கிளாஸ்ல யாராச்சும் இந்தக் கேள்வியைக் கேட்டா, மாடல் பேரைச் சொல்லிடாதீங்க. ‘உன் கை எதுவரைக்கும் எட்டும்?’னு முதல்ல கேளுங்க!