பத்தடி தூரத்தில் ஒரு முகம்

ஞாயிற்றுக்கிழமை காலை வேளை. நமுனுகுலை மலையுச்சியைப் பனிமூட்டம் இன்னும் விட்டபாடில்லை. பசறைப் பக்கமிருந்தும் ஹாலி-எலப் பக்கமிருந்தும் வரும் பஸ் வண்டிகளிலே தோட்டத்து மக்கள் பதுளை நகரில் வந்திறங்குகின்றனர். வாரமெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்த முதுகுகள் இன்று ஒரு நாள் நிமிர்ந்து நடக்கின்றன. குழந்தைக்குச் சட்டை தெரிவோரும், அடகுக்கடைப் படியிலே தயங்கி நிற்போருமாகக் கடைவீதி நிறைந்து விடுகின்றது.

இக்காட்சியைப் படமாக்க விரும்புவோர்க்கு இன்று கருவிப் பஞ்சமில்லை. கைத்தொலைபேசியே கமராவாகி விட்ட காலம் இது. அங்ஙனமிருக்க, அறுபது ஆண்டுப் பழமை வாய்ந்த வில்லையொன்றைப் புதிய டிஜிட்டல் கமராவிலே பூட்டிக்கொண்டு திரிவானேன் என்று நண்பர்கள் என்னை வினவுவதுண்டு.

பாட்டனார் விட்டுச் சென்றது

அவ்வில்லை என் பாட்டனாருடையது. 1960களிலே அசாஹி பென்டாக்ஸ் கமராவுடன் வந்த 55 மில்லிமீற்றர் வில்லை. அவர் சிறிய படப்பிடிப்பு நிலையமொன்றை நடத்தி வந்தார். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் எதிர்காலத்தை, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்களால் வகுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு. பிரயாணப் பத்திரத்துக்கு முகப்படம் வேண்டுமல்லவா? ஊரைவிட்டுப் போகவிருந்த எத்தனையோ முகங்களை இவ்வில்லை கண்டிருக்கின்றது. "தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள்" என்று சொல்லிவிட்டு, பாட்டனார் வளையத்தை மெல்லத் திருப்புவாராம்.

பழையதும் புதியதும்

பழைய வில்லை புதிய கமராவுக்கு எவ்வாறு பொருந்தும் என்று வாசகர் ஐயுறலாம். முன்னாளைய கமராக்களினுள்ளே சாய்ந்த கண்ணாடியொன்று இருந்தது. அதற்கு இடம் விடவேண்டியிருந்தமையால், இவ்வகை வில்லையின் பூட்டுமுகத்துக்கும் படச்சுருளுக்கும் இடையே ஏறத்தாழ 45½ மில்லிமீற்றர் இடைவெளி அமைந்தது. இன்றைய கண்ணாடியற்ற கமராக்களில் அந்தத் தூரம் மிகக் குறைவு. சோனி வகையிலே 18 மில்லிமீற்றர் மாத்திரமே. எஞ்சிய 27½ மில்லிமீற்றரை ஓர் உலோக வளையத்தால் நிரப்பிவிட்டால் இரண்டும் இணங்கிவிடும்.

ஆயின், குவியத்தைக் கமரா தானாகத் தேடித் தராது. நம் கைதான் திருப்பவேண்டும். விரைந்து நகரும் வீதியிலே இதற்கோர் உபாயம் உண்டு. படச்சுருளின் அளவே கொண்ட உணரியுள்ள கமராவாயின், ஒளித்துவாரத்தை 11 என்னும் இலக்கத்திலும் தூரத்தைப் பத்தடியிலும் முன்கூட்டியே நிறுத்தி வைக்கலாம். ஏறத்தாழ 7½ அடி முதல் 15 அடி வரை நிற்போர் யாவரும் தெளிவாக விழுவர். அதற்கப்பால் நிற்பவர் மங்கிவிடுவர். எனவே ஒளிந்து நின்று எடுக்க இயலாது. பேச்சுக் கேட்கும் தூரத்துக்குச் சென்றாகவேண்டும்.

மலைநாட்டு ஈரமே இவ்வில்லைகளின் பகைவன். மூடிய பெட்டியில் மாதக்கணக்கிலே கிடந்தால் உள்ளே பூஞ்சணம் படரும். நாளடைவில் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பதும் அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதுமே காப்பு.

பெயரற்ற முகங்கள்

1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கமான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரைப் படக்கலை உலகம் நன்கறியும். குவியம் சற்று மங்கிய அவருடைய படங்களை அக்காலத்தார் சிலர் குறை கூறினர். இங்கே அவர் உழைப்பாளர் பலரைப் படமெடுத்தார். அவர்களுட் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அன்று தொட்டுத் தேயிலைச் சரிவிலே நிற்கும் பெண்கள் அஞ்சலட்டைகளிலும் விளம்பரங்களிலும் மலைக்கும் மஞ்சுக்கும் துணைப்பொருளாகவே நின்று வந்துள்ளனர்.

சென்ற ஆண்டு கடைவீதியிலே, வெற்றிலைக் கடையோரம் நின்ற மூதாட்டி ஒருவரை நோக்கி வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். தெளிவு வருமுன்னரே அவர் என்னைக் கண்டுவிட்டார். விரைவுக் கமராவாயின் படமெடுத்து நகர்ந்திருப்பேன். வெட்கத்துடன் கமராவைத் தாழ்த்தி, எடுக்கலாமா என்று கேட்டேன்.

"கேட்டுட்டு எடுங்க ஐயா, வேணாம்னு சொல்லலை. மலையில நிக்கிறப்ப எத்தனையோ பேரு எடுத்துட்டுப் போனாங்க. ஒருத்தரும் எனக்கு ஒரு படம் குடுத்ததில்லை" என்றார். பின்னர் முந்தானையைச் சீர்செய்து, தலையை நிமிர்த்தி நின்றார்.

அடுத்த ஞாயிறு படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்திருந்தார். "அண்ணன் இந்தியாவுக்குப் போறப்ப எடுத்த படம் லயத்துச் சுவத்துல இருக்கு. பக்கத்துலயே மாட்டிடுறேன்" என்றார்.

அப்படத்தை எடுத்தவர் யாரென்று நான் கேட்கவில்லை. பாட்டனாராகவும் இருக்கலாம், வேறொருவராகவும் இருக்கலாம். வீதியிலே படமெடுக்கப் புறப்படும் இளைஞர்க்கு ஆசிரியன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது சிறிதே. வீட்டுப் பரணிலே பழைய வில்லை கிடந்தால் துடைத்தெடுங்கள். பத்தடி தூரத்துக்குச் செல்லுங்கள். வளையத்தைத் திருப்புமுன் வாய்திறந்து கேளுங்கள். எடுத்த படத்தின் ஒரு பிரதியை உரியவரிடம் சேர்க்க மறவாதீர்கள்.