குக்கில் செடியும் நம்ம கிளுவை வேலியும்

யோகராஜ குக்குலு, திரிபலா குக்குலுன்னு நாட்டு மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்குகிறோம். மூட்டுவலிக்கும் உடல் பருமனுக்கும் கொடுப்பார்கள். அதில் சேரும் குக்கில், ஒரு பாலைவனப் புதரின் பிசின். அந்தப் புதர் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

ராஜஸ்தான், குஜராத்தின் கட்ச், பாகிஸ்தானின் சிந்து ஆகிய வறண்ட பகுதிகளில் வளரும் முட்செடி இது. வருடத்தில் பாதிக்கு மேல் இலையே இருக்காது. பட்டை காகிதம் மாதிரி உரியும். பிசின் எடுக்கிற அளவுக்குத் தண்டு பருக்க எட்டு, பத்து வருடம் ஆகும். அப்பவும் ஒரு செடிக்குச் சில நூறு கிராம்தான் கிடைக்கும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-ல் இதை 'மிக அருகிய இனம்' என்று சிவப்புப் பட்டியலில் சேர்த்தது.

ஏன் இந்த நிலை? பட்டையில் மேலாகக் கீறினால் செடி ஆறிக்கொள்ளும். அதிகப் பிசினுக்கு ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் பட்டுப்போகும். மாங்காய் பழுக்க வைக்கிற எத்திஃபானைக் கீறலில் செலுத்தினால் பிசின் பல மடங்கு வடியும். அளவு மீறினால் செடியே போச்சு. போன செடிக்குப் பதிலாகப் புதுச்செடி சீக்கிரம் வருவதும் இல்லை. விதை முளைப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் பெண் செடிகளே இருப்பதால் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை பிடிக்கிறது. அதனால் மரபு வேறுபாடும் குறைவு.

தேசிய மருத்துவத் தாவர வாரியம் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் நடவுக்கு உதவி செய்திருக்கிறது. லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் 'மருசுதா' என்ற ரகத்தை வெளியிட்டது. போத்து நட்டால் வேர் பிடிக்கும் என்பதுதான் இதில் உள்ள நல்ல சேதி.

நம்ம மீஞ்சூர்ப் பக்கம் குக்கில் நடலாமா? வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கிற களிமண் அதற்கு ஆகாது. ஆனால் அதன் பங்காளி நம்மிடமே இருக்கிறது: கிளுவை. காங்கேயம் பக்கம் கொரங்காடு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்பது முள்கிளுவை உயிர்வேலிதான். மேட்டு வரப்பில், கோடை முடிகிற நேரம் போத்தை நெருக்கமாக ஊன்றுங்கள். கம்பி வேலிச் செலவு மிச்சம். கிளுவையையும் அடியோடு வெட்டாமல் கிளை கழித்து விடுங்கள்.

வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: வட்டியை எடுக்கலாம், அசலில் கை வைக்கக் கூடாது. சென்னைக் குடிநீருக்காக நம்ம பகுதி நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் உறிஞ்சினதில் கடல்நீர் உள்ளே வந்தது. கடைசியில் 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்க ஆலை வைக்க வேண்டியதாச்சு. குக்கிலுக்கு அப்படி மாற்று ஆலை எதுவும் இல்லை. அடுத்த முறை குக்குலு மாத்திரை வாங்கும்போது, சரக்கு சாகுபடியில் வந்ததா, காட்டிலிருந்து வந்ததான்னு கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.